செய்நிரலின் துயில்

ஐந்து செக்கன் பொறுத்திருக்க வேண்டிய கணினிச் செய்நிரலொன்று, கடிகாரத்தையே ஓயாது நோக்கிக்கொண்டிருந்தால் செயலி வீணே உழைக்கும். பிற பணிகள் தடைப்படும். பரீட்சை மண்டபத்தில் இத்தகைய மாணவரை நான் கண்டதுண்டு! ஆதலின், யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் நிரலானது துயில விண்ணப்பிக்கும். பணிசெயல் முறைமை அதனை இயங்கும் வரிசையினின்றும் நீக்கி, குறித்த நேரம் கழிந்தபின் மீளச் சேர்க்கும். சேர்ந்தவுடனேயே அதன் முறை வந்துவிடாது. எனவே ஐந்து என்பது ஐந்துக்குக் குறையாதது என்றே பொருள்படும். இதனை மறந்து, ஐந்து செக்கனுக்கு ஒருமுறையெனத் துயின்று துயின்று எழும் நிரல், நேரஞ் செல்லச் செல்லப் பின்தங்கிவிடும்.

இடையே சமிக்ஞை வரின் துயில் முன்னரே கலைவதுமுண்டு. 1993 ஆம் ஆண்டுப் பொசிக்ஸ் நியமம் வகுத்த நனோஸ்லீப் என்னும் அழைப்பு, அவ்விடத்து எஞ்சிய நேரத்தை அறிவிக்கும். நிரல் மீதித் துயிலைத் தொடரலாம்.