ஆமைக்கு மண் பார்த்த கதை!

சங்கரன்கோவில்காரனுக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். ஊரைச் சுற்றிலும் கரிசல். இப்படிப்பட்ட ஊரில், "ஆமைக்கு என்ன மண் போடலாம் அண்ணாச்சி?" என்று ஆபீஸ் தம்பி ஒருவர் கேட்டால் விட்டுவிட முடியுமா?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்களே தம்பி?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஆமை இருந்தா அதிர்ஷ்டமாம்லா! நட்சத்திர ஆமை ஒண்ணு வருது. வாங்கிரலாம்னு பாக்கேன்."

பழமொழி பலித்துவிடும் போலிருந்தது! நட்சத்திர ஆமை நம் நாட்டுக் காட்டு ஜீவன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது. சிக்கினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அமீனா வரமாட்டார், வனத்துறை ஜீப்பே வந்து நிற்கும்!

தம்பியின் முகம் ஆமைத் தலை மாதிரி உள்ளே போய்விட்டது. "அப்ப வெளிநாட்டு ஆமை?"

சஹாராவுக்குத் தெற்கே வறண்ட பூமியில் வாழும் சல்கேட்டா ஆமையை வளர்க்கலாம். ஆனால் சும்மா இல்லை. 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பேப்பர் இல்லாத ஆமை பக்கமே போகாதீர்கள்.

"வறண்ட தேசத்து ஆமைதானே அண்ணாச்சி? மணலைக் கொட்டி, மேலே ஒரு லைட்டைப் போட்டா முடிஞ்சுது!"

முடிந்துவிடும்... ஆமையின் கதை! அங்கே மேலேதான் வெயில் கொளுத்துகிறது. ஆமை என்ன முட்டாளா? ஆழமாக வளை தோண்டி உள்ளே போய்விடும். வளைக்குள் ஈரக் காற்று. குட்டி வளர்வது அந்த ஈரத்தில்தான். அது கிடைக்காவிட்டால் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாகத் தூக்கிக்கொள்ளும். ஏறிய கூம்பு இறங்காது. தீனிதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2003-ல் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் சல்கேட்டா குட்டிகளை வளர்த்துப் பார்த்து, புரதத்தைவிட காற்றின் வறட்சிதான் பெரிய வில்லன் என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, எந்த மண்? வெறும் மணல் ஈரத்தைப் பிடிக்காது. தீனியோடு வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துவிடும். நியூஸ் பேப்பர் வழுக்கும், காயும். நம்ம கரிசலோ நனைந்தால் அல்வா, காய்ந்தால் பாறை. உரமும் பூச்சிமருந்தும் படாத செம்மண்ணில் பாதிக்குப் பாதி தென்னை நார்த்தூளைக் கலந்து, நாலு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம்.

தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்கும். மேலேயே சொதசொதவென்று இருந்தால் அடி ஓடு அழுகும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூக்கு ஒழுகும், நெஞ்சில் சளி கட்டும். ஒரு மண்சட்டியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதுவே வளை. தட்டையான தட்டில் தண்ணீர், ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர், அவ்வளவுதான். குட்டிக்கு 70, 80 சதவிகிதம் இருக்கட்டும்.

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்குக் கிடைப்பது காற்று மட்டும்தான். அந்த மாதத்தில் தினமும் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"இவ்வளவுதானே, செஞ்சிரலாம்" என்று கிளம்பிய தம்பியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். இன்று உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, வளர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழும். நீங்கள் ரிட்டயர் ஆன பிறகும் அது சர்வீஸில் இருக்கும்.

கல்யாணமாகாத வாசகர்களே, பெண் பார்க்கப் போகும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்!