வழிகாட்டும் பலகையும் வழிமறிக்கும் பலகையும்

கரி வலம் வந்த ஊராம், ஆகவே கரிவலம்வந்தநல்லூராம்! யானை வலம் வந்தது இருக்கட்டும். வழி தெரியாமல் மனிதரும் வலம் வரவேண்டுமா?

சங்கரன்கோவில் பேருந்திலிருந்து இறங்குகிறாள் ஒரு தாய். இடுப்பிலே காய்ச்சலில் துவளும் குழந்தை. மருத்துவர் எந்தத் தெருவில்? முனைவீட்டுச் சுவரிலே முழ நீளப் பலகை, அதிலே ஓர் அம்புக்குறி; அவளுக்கு அது போதும்.

ஆனால், பலகை என்றாலே நாடு அஞ்சுகிறது. காரணம் உண்டு. 2019 செப்டம்பர் 12இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்தது. 23 வயது நங்கை லாரிச் சக்கரத்தில் மாண்டாள். 2023 ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் விளம்பரச் சாரம் சாய்ந்து 3 தொழிலாளர் மடிந்தனர். 2024 மே 13இல் மும்பை காட்கோபரில் இராட்சதப் பலகை 17 உயிர்களைக் குடித்தது. கட்டுப்பாடு வேண்டாமென்று எவர் கூறுவார்? நம்மவர் வைக்கும் பேனருக்கும் சேர்த்தே கூறுகிறோம்!

நகரங்களுக்கு 2023இல் புதிய விதிகள் வந்தன. கரிவலம்வந்தநல்லூரோ ஊராட்சி, அதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் விதிகளைத் திருத்துவோர்க்கு நாம் சொல்வது இதுதான்: மலையையும் மடுவையும் ஒரே கோலால் அளக்காதீர்! வீட்டுக்காரர் இசைவோடு, பார்வையை மறைக்காமல், சுவரோடு ஒட்டிய சிறு வழிகாட்டிப் பலகைக்குத் தனி விதி எழுதுங்கள். அளவைச் சொல்லுங்கள், உயரத்தைச் சொல்லுங்கள், கட்டணமின்றி ஊராட்சியிலேயே அனுமதி தாருங்கள்.

முகம் காட்டும் பலகைக்குக் கடிவாளம்; வழிகாட்டும் பலகைக்கு வரவேற்பு! இதுவே நமது கோரிக்கை.