கொட்டகைக்குள் கேரவன்: இங்கிலாந்து உழவர்களின் மாற்று வருமானமும் ஊராரின் கவலையும்

கேரவன் என்றதும் நம் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் சொகுசு வண்டிதான். இங்கிலாந்தில் அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வீடு. படுக்கை, அடுப்பு, சிறு குளியலறை எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. காருக்குப் பின்னால் பூட்டி, கடற்கரைக்கோ மலைப்பகுதிக்கோ இழுத்துச் செல்வார்கள். விடுமுறை முடிந்தால் அடுத்த பயணம் வரை அதை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும். அந்த 'எங்காவது' என்பது இன்று பெரும்பாலும் ஒரு பண்ணைதான். மாடு கட்டிய கொட்டகையிலும் கோழி வளர்த்த கூடாரத்திலும் கேரவன்கள் வரிசையாக நிற்கின்றன. உழவருக்கு இது நிலையான வருமானம். ஆனால் இதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போடும்போது, பல ஊர்களில் எதிர்ப்பு எழுகிறது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

கொட்டகைகள் ஏன் காலியாகின?

முதல் காரணம், பண்ணைத் தொழிலே மாறிப்போனது. சிறிய பால் பண்ணைகள் மூடப்பட்டு, பெரிய பண்ணைகள் மட்டும் நிலைத்தன. 2001இல் பரவிய கோமாரி நோயின்போது பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் அழிக்கப்பட்டன. அதன் பிறகு மாட்டுத் தொழுவத்துக்கே திரும்பாத உழவர்களும் உண்டு. 2012 தொடக்கத்தில் பழைய வகை முட்டைக்கோழிக் கூண்டுகளுக்குத் தடை வந்தது. அந்தக் கூண்டுகளுக்கென்றே கட்டப்பட்ட நீண்ட கூடாரங்களைப் புதிய முறைக்கு மாற்றுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. நூறாண்டுக்கு முந்தைய கல் கொட்டகைகளின் வாசலில் இன்றைய அறுவடை இயந்திரம் நுழையாது.

இரண்டாவது காரணம், மானியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, நிலப்பரப்பின் அடிப்படையில் உழவர்களுக்கு நேரடி மானியம் கிடைத்தது. பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2021 முதல் இங்கிலாந்தில் அந்த மானியம் ஆண்டுதோறும் குறைக்கப்பட்டு, 2027உடன் முடிவுக்கு வருகிறது. சூழல் காக்கும் பணிகளுக்குத்தான் இனிப் பணம். இந்த இடைவெளியை நிரப்பவே உழவர்கள் மாற்று வருமானம் தேடுகிறார்கள். இங்கிலாந்துப் பண்ணைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வேளாண்மை அல்லாத ஏதோ ஒரு வருமானத்தை வைத்திருக்கின்றன. அவற்றுள் கட்டிடங்களை வாடகைக்கு விடுவதே பரவலானது.

விடுவதற்கு யார் வருகிறார்கள்?

நகர்ப்புற வீடுகளின் முன்பகுதி சிறியது. புதிய குடியிருப்புகள் பலவற்றில், வாசலில் கேரவன் நிறுத்தக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கிறது. தெருவில் நிறுத்தினால் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல், திருட்டுப் பயம் வேறு. அதனால்தான் பண்ணைக்குக் கொண்டுவருகிறார்கள்.

திருட்டைத் தடுக்க ஏற்பாடுகளும் உண்டு. 1992 முதல் கேரவன்களுக்கு அடையாள எண் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். கேரவன் காப்பக உரிமையாளர்களுக்கென 1999இல் தொடங்கப்பட்ட காசோவா என்ற சங்கம், வேலி, கேமரா, பூட்டு, ஆள் நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் பிரிக்கிறது. உயர்ந்த தரமுள்ள இடத்தில் நிறுத்தினால் காப்பீட்டு நிறுவனங்கள் பல, கட்டணத்தில் சலுகை தருகின்றன. உழவர் குடும்பம் பண்ணையிலேயே குடியிருப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம்.

ஒரு கொட்டகைக் கணக்கு

20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 800 சதுர மீட்டர். இழுப்புக் கம்பியோடு சேர்த்து கேரவனின் நீளம் 7 மீட்டர் என வைத்தால், இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை நிறுத்தி, நடுவில் 6 மீட்டர் வழி விடலாம். ஒவ்வொன்றுக்கும் 3 மீட்டர் அகலம் கொடுத்தால் பக்கத்துக்கு 13, மொத்தம் 26 கேரவன்கள். இந்த வழியில் காரை வைத்துத் திருப்புவது கடினம். வாசலில் விட்டுச் சென்றால் உழவரே டிராக்டரால் தள்ளி உள்ளே நிறுத்தலாம். தீவனம், மருந்து, பால் விலை என்ற கவலை எதுவும் இல்லை. ஆண்டுச் சந்தா முன்பணமாக வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1947இல் வந்த நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இங்கிலாந்தில் இன்றைய முறைக்கு அடித்தளம். அதன்படி நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே அதில் விரும்பியதைச் செய்துவிட முடியாது. பயன்பாட்டை மாற்றத் திட்ட அனுமதி வேண்டும். ஆனால் வேளாண்மைக்கு அதில் விலக்கு உண்டு. கொட்டகையில் மாட்டை விட்டுவிட்டு வைக்கோல் அடுக்கினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே இடத்தில் அடுத்தவரின் கேரவனை வாடகைக்கு நிறுத்தினால், அது வேளாண்மை ஆகாது. பொதுவாக அது பொருள் வைப்பு, விநியோகம் என்ற 'பி8' வகைக்குள் வரும்.

கிராமப்புறத் தொழிலை ஊக்குவிக்க, முழு விண்ணப்பம் இல்லாமலே கொட்டகையை மாற்ற 'ஆர் வகை' என்ற சலுகை உள்ளது. 2012 ஜூலை 3 அன்று அந்தக் கட்டிடம் வேளாண்மைக்கு மட்டுமே பயன்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பயன்பாட்டுக்கு வந்ததென்றால் 10 ஆண்டுகள் வேளாண்மையில் இருந்திருக்க வேண்டும். ஒரு பண்ணைக்கு 500 சதுர மீட்டர் என்றிருந்த உச்சவரம்பு, 2024 மே 21 முதல் 1,000 சதுர மீட்டர் ஆனது. 150 சதுர மீட்டர் வரை உள்ளாட்சி மன்றத்துக்குத் தகவல் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் முன் ஒப்புதல் வேண்டும். அப்போது மன்றம் பார்ப்பது நான்கு விஷயங்களை: போக்குவரத்து, இரைச்சல், மாசு, வெள்ள அபாயம். 56 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

இதில் பலர் தவறவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, இந்தச் சலுகை பயன்பாட்டை மாற்ற மட்டுமே. வாசலை அகலப்படுத்தவோ புதிய சுவர் எழுப்பவோ தனி அனுமதி தேவைப்படலாம். இரண்டு, கட்டிடத்தை ஒட்டிய நிலத்தில், அந்தக் கட்டிடத்தின் அளவைத் தாண்டாத பகுதிக்கு மட்டுமே சலுகை பொருந்தும். பக்கத்து வயலில் வரிசையாக நிறுத்த முழுத் திட்ட அனுமதி வாங்கியாக வேண்டும்.

ஊராரின் கவலைகள்

கிராமத்தில் முதலில் எழும் கேள்வி சாலையைப் பற்றியது. காரும் கேரவனும் சேர்ந்தால் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். சட்டப்படி கேரவனின் அகலம் 2.55 மீட்டர் வரை இருக்கலாம். இரு பக்கமும் உயர்ந்த உயிர்வேலி, ஒரு வண்டி மட்டுமே போகும் வழி, ஆங்காங்கே ஒதுங்க இடம் என்பதுதான் பல கிராமச் சாலைகளின் அமைப்பு. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்னோக்கி எடுத்தாக வேண்டும். கேரவனைப் பூட்டிய காரைப் பின்னோக்கி ஓட்டப் பழக்கம் வேண்டும். 1997க்குப் பிறகு கார் உரிமம் பெற்றவர்கள் கனமான கேரவனை இழுக்கத் தனித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் 2021 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது.

'ஒரு கேரவன் ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் வெளியே போகும்; பால் லாரியும் தீவன லாரியும் வந்துபோனதைவிட இது குறைவு' என்பது உழவர் தரப்பு வாதம். கணக்குப் பார்ப்போம். கேரவனை எடுக்க வரும் கார் ஒரு நடை, இழுத்துப் போவது ஒரு நடை; திரும்ப விடும்போது இன்னும் இரண்டு. ஒரு பயணத்துக்கு 4 நடை. 26 கேரவன்கள் ஆண்டுக்கு 5 முறை போனால் 520 நடை. ஒரு நாளைக்கு ஒன்றரைக்கும் குறைவு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

ஆனால் சராசரி மழையை வைத்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது என்பது உழவருக்குத் தெரியும். ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய மாலை 10 பேர் ஒன்றாக வந்தால், அந்த ஒரே மாலையில் 20 நடை. அதில் 10 நடை கேரவனோடு. ஊரார் அஞ்சுவது அந்த ஒரு மாலையைத்தான். எனவே எடுப்பதற்கு முன்பதிவு நேரம் ஒதுக்குவது, ஒரு நேரத்தில் ஒருவர் என்ற ஒழுங்கு, எந்த வழியாக வர வேண்டும் என்ற வரைபடம் ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுப்பது நல்லது. நுழைவாயிலில் இரு பக்கமும் சாலை தெரியுமளவு வேலி பின்வாங்கியிருக்கிறதா என்பதையும் நெடுஞ்சாலை அதிகாரிகள் அளந்து பார்ப்பார்கள்.

அடுத்த கவலை வெளிச்சம். பாதுகாப்புக்காக இரவெல்லாம் எரியும் விளக்குகள், இருளுக்குப் பழகிய கிராமத்துக்குப் பெரிய மாற்றம். பழைய கொட்டகைகளில் வௌவாலும் கூகையும் குடியிருக்கும். 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை. கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் கூரையில் கை வைத்தால் குற்றமாகிவிடும்.

மூன்றாவது கவலை காட்சி. வெள்ளை நிறக் கேரவன்கள் பச்சை வயலில் வரிசையாக நின்றால் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். நகரங்களைச் சுற்றியுள்ள பசுமை வளையப் பகுதிகளில் இது மிகக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. உறுதியான பழைய கட்டிடத்தை மறுபடி பயன்படுத்துவதற்கு அங்கேயும் வாய்ப்பு உண்டு. திறந்த வெளியில் நிறுத்துவது 'வெட்டவெளித் தன்மையைக் கெடுக்கிறது' என்று நிராகரிக்கப்படலாம்.

மண்ணைப் பார்க்க வேண்டிய இடம்

கூரைக்குள் நிறுத்துவதற்கும் வயலில் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வேளாண் விஞ்ஞானியாக நான் மண்ணிலிருந்துதான் பார்க்கிறேன். குளிர்கால ஈரத்தில் வண்டி புதையாமல் இருக்க, வயலின் மேல்மண்ணை அகற்றி ஜல்லி கொட்டி இறுக்குவார்கள். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மேல்மண் மட்டும் 2,000 டன் அளவுக்கு வரும். நூற்றாண்டுக் கணக்கில் உருவான அந்த மண்ணை அள்ளிய பிறகு, ஜல்லியை எடுத்தாலும் பழைய வயல் திரும்புவதில்லை. மழை நீரும் இறங்காது. நீர் புகாத 1,000 சதுர மீட்டர் தளத்தில் 20 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர் நீர் பக்கத்து வயலுக்கோ சாலைக்கோ ஓடும். அதனால்தான் வயலுக்கான விண்ணப்பத்தில் வடிகால் திட்டம் கேட்கிறார்கள். 2024 முதல், இத்தகைய மாற்றங்களில் உயிரினச் சூழலைக் குறைந்தது 10 சதவீதம் மேம்படுத்திக் காட்டவும் வேண்டும்.

கொட்டகையின் கதை வேறு. கேரவன்களை வெளியே எடுத்தால் அது மறுநாளே கொட்டகைதான். அடுத்த தலைமுறை மாடு வளர்க்க விரும்பினால் வளர்க்கலாம். வீடாக மாற்றி விற்ற கொட்டகை திரும்பி வராது. முழுத் திட்ட அனுமதியின்றி வீடாக மாற்றித் தரும் சலுகையைப் பயன்படுத்தியவர், அந்தப் பண்ணையில் புதிய கொட்டகை எழுப்பும் எளிய உரிமையையும் 10 ஆண்டுகளுக்கு இழக்கிறார். அந்த வகையில், பண்ணையின் எதிர்காலத்தை மூடிவிடாத மாற்று வருமானங்களில் கேரவன் காப்பகமும் ஒன்று. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: உண்மையிலேயே தேவைப்படாத கொட்டகையாக இருக்க வேண்டும். வைக்கோல் வைத்திருந்த இடத்தைக் கேரவனுக்குக் கொடுத்துவிட்டு, வைக்கோலுக்கென்று வயலில் புதிய கொட்டகை கேட்டால் ஊரார் சந்தேகப்படுவது இயல்பே.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

* வேளாண் நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் உள்ளாட்சித் தொழில் வரி இல்லை. கேரவன் வந்தால் அந்தப் பகுதிக்கு வரி விதிக்கப்படலாம்.

* வாரிசு வரியில் வேளாண் சொத்துக்குக் கிடைக்கும் சலுகை, காப்பகமாக மாறிய கட்டிடத்துக்குக் கிடைக்காது. கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

* குத்தகை உழவர்கள் நில உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது.

* 1999க்கு முந்தைய கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உடைந்த தகடுகளைத் தாமே கழற்றுவது ஆபத்து.

* எரிவாயு உருளைகளைக் கழற்றிய பிறகே கேரவனை உள்ளே விட வேண்டும். எலித் தொல்லைக்கும் வழி காண வேண்டும்.

நண்பர் ஒருவரின் கேரவனில் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல இருபது முப்பது என வளர்த்தவர்களும் உண்டு. 10 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்ததை நிரூபித்தால் சட்டபூர்வச் சான்று பெறலாம். ஆனால் ஒன்பதாம் ஆண்டில் யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் எல்லாவற்றையும் காலி செய்ய உத்தரவு வரக்கூடும். சந்தா வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டியிருக்கும். விண்ணப்பம் போடும் முன்பே பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊர் மன்றத்தில் போய்ப் பேசுவதுதான் செலவில்லாத காப்பீடு.

நம் மாநிலத்திலும் வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கேரவன் நம் ஊருக்கு வராமல் போகலாம். காலியான கோழிப்பண்ணையும் பூட்டிக் கிடக்கும் கிடங்கும் இங்கும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள், கூரையை வாடகைக்கு விடுவதற்கும் மண்ணை மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மறக்காமல் இருந்தால் நல்லது.