இரவல் காரில் விபத்து: காப்புறுதி கைகொடுக்குமா?

கிள்ளானில் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிச் சாமான் என்றால் மாமாவின் காரையோ நண்பரின் காரையோ இரவல் வாங்கி ஓட்டுவது நம்மிடையே சகஜம். வழியில் மோதிவிட்டால் யார் பணம் கட்டுவது?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். உரிமையாளரின் அனுமதியும் செல்லுபடியாகும் லைசென்சும் இருந்தால், ஓட்டுநர் வேறொருவரானாலும் பொதுவாக அந்தக் காப்புறுதி பொருந்தும். ஆனால் அது அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. இரவல் காரைப் பழுதுபார்க்க முழுக் காப்புறுதி வேண்டும்.

அதிலும் ஓட்டியவர் பெயர் பாலிசியில் இல்லையென்றால், பழுதுச் செலவில் முதல் 400 வெள்ளியை நாமே கட்டவேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர், 'பி' லைசென்ஸ்காரர் பெயர் இருந்தாலும் இதே விதிதான். கூடுதல் ஓட்டுநர் பெயரைச் சேர்க்கச் சிறு கட்டணமே ஆகும்.

இன்னொன்று: இழப்பீடு கோரினால், 55 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும் கழிவை இழப்பவர் உரிமையாளர்தான். ஓட்டியவருக்கு லைசென்சே இல்லையென்றால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்யுங்கள். அதற்கு முன், சாவியை வாங்கும்போதே பாலிசியையும் கேட்டுப் பாருங்கள், அதில் தவறில்லை.