கிணற்றடியில் ஒரு பாம்புச் செட்டை

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009இற்குப் பின் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிவந்த நம் குடும்பங்களுக்கு, காடேறிக் கிடந்த வளவைத் துப்புரவாக்குவதுதான் முதல் வேலை. இடிந்த சுவர் இடுக்கிலும் கிணற்றுக் கட்டிலும் பாம்புச் செட்டை கிடந்தால், 'இவ்வளவு நீளமா!' என்று உம்மாமார் பதறுவார்கள். கழரும்போது இழுபடுவதால் செட்டை எப்போதும் பாம்பை விட நீளமாகவே இருக்கும்.

பாம்பு வளர்ந்துகொண்டே போகும். மேல்தோல் அதோடு சேர்ந்து வளராது. அதனால் அதைக் கழற்றிவிடுகிறது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதில்தான் உண்டு. செட்டை கழற்றுமுன் அந்தச் செதில் மங்கி, கண் பால் நிறமாகும். சில நாளில் கண் தெளியும். பிறகு மூக்கைக் கல்லில் உரசி, காலுறையைப் புறம்மாற்றி உருவுவது போல, கண்செதிலோடு சேர்த்து முழுத்தோலையும் கழற்றும். கண் மங்கிய நாட்களில் அது சரியாகப் பார்க்காது, இரை தேடாது, ஒளிந்திருக்கும். தொட்டால் பயத்தில் சட்டெனக் கடிக்கும்.

இதற்கெல்லாம் ஈரம் வேண்டும். சோளகம் வீசி மண் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் ஈரம் எங்கே? கிணற்றடியில், குளியலறை மூலையில், தண்ணீர்க் குடத்தின் அடியில். நாளெல்லாம் நாம் கைவைக்கும் இடங்கள்தானே இவை!

வெளிநாடுகளில் விஷமில்லாத பாம்பைக் கூட்டில் வளர்ப்பவர்கள் உண்டு. (நமக்கு அந்த ஆசை எப்படி வரும் என்று கேட்காதீர்கள்!) கூட்டில் காற்று வறண்டால் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். உண்ணித் தொல்லையாலும் நோயாலும் கூட அப்படி ஆகும். வால் நுனியில் வளையம்போல் தங்கிய தோல் இரத்த ஓட்டத்தை இறுக்கி, வாலையே அழுகவைக்கும். அப்போது ஆழமில்லாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாம்பைச் சிறிது நேரம் விட்டு, பின் ஈரத்துணிக்குள் ஊர்ந்து போகவிடுவார்கள். தோல் தானாக வரும். பிடித்து இழுத்தால் புதுத்தோல் கிழியும். கண்செதில் ஒட்டியிருந்தால் மிருக வைத்தியரே பார்க்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் கண் போய்விடும்.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மலைப்பாம்பு உட்படப் பல பாம்புகளைக் காக்கிறது. தோல் தொங்கும் பாம்பை வளவில் கண்டால் உதவப் போகாதீர்கள். கல்லுக்கும் வேருக்கும் இடையே நுழைந்து அதுவே கழற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மதீனாவின் வீடுகளில் காணப்பட்ட பாம்புகளை உடனே கொல்லாமல் மூன்று நாள் எச்சரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு.

அதற்காக அசட்டையும் கூடாது. 2012-13இல் நாடளாவிய ஆய்வொன்று ஆண்டுக்குச் சுமார் 80,000 பாம்புக்கடிகளையும் 400இற்கு மேற்பட்ட மரணங்களையும் மதிப்பிட்டது. கிடைத்த செட்டையை உடனே எரித்துவிடாமல் குச்சியால் விரித்துப் பாருங்கள். முதுகின் நடுவில் அறுகோணச் செதில்கள் மற்றவற்றை விடப் பெரிதாக வரிசையாக இருந்தால் அது கட்டுவிரியனாக இருக்கலாம். இரவில் தரையில் உறங்குபவரைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். அன்றிரவே பிள்ளைகளைக் கட்டிலில் படுக்கவைத்து, நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கிணற்றடிக்குப் போகும் கையில் டோர்ச் இருக்கட்டும்.