சட்டத்துக்குள் தொங்கும் மருந்தாளுநர்



திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. இரவு பத்து மணி. மருந்துக்கடை வெளிச்சத்தில் வந்து நிற்கிறார் ஒரு தோழர். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலை முடித்து வந்தவர். தலைமயிரிலே பஞ்சு, கையிலே தூக்குச்சட்டி, நெஞ்சிலே இருமல்.

"தம்பி, மூணு வாரமா இருமலு. ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. ஒரு செட்டு மாத்திரை குடு."

கடைப் பையனுக்கு இருபது வயது இராது. மூன்று அட்டைகளை எடுத்தான், கத்தரித்தான், காகித உறையில் போட்டான், காசை வாங்கினான். சளியில் இரத்தம் வந்ததா என்று கேட்கவில்லை. மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு இளைத்ததா என்று கேட்கவில்லை. சர்க்கரை உண்டா என்றும் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. பையன்மீது குற்றமில்லை. அவனும் நம் வீட்டுப் பிள்ளை, கூலிக்கு நிற்பவன்.

தைலம் வாங்கப் போயிருந்த நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மேடை ஏறிய வாய், மூடவில்லை. "தம்பி, இந்தக் கடையின் மருந்தாளுநர் யார்?" என்றேன்.

பையன் விரலை மேலே நீட்டினான். சுவரில், கண்ணாடிக்குப் பின்னே, மரச்சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். "அவரு எப்பவாச்சும் வருவாருண்ணே."

தமிழின் பொருத்தத்தைப் பாருங்கள்! அரசு இயற்றுவதற்கும் சட்டம் என்றுதான் பெயர். படம் மாட்டும் மரத்துக்கும் சட்டம் என்றுதான் பெயர். மருந்தாளுநர் கடையில் நிற்க வேண்டும் என்கிறது முதற்சட்டம். அவரோ இரண்டாம் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறார்!

எல்லாக் கடையும் இப்படி என்று சொன்னால் நாக்கு அழுகும். இதே ஊரில், "இந்த மாத்திரை உனக்கு ஆகாதப்பா, பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று வருகிற காசைத் திருப்பிக் கொடுத்த பெரியவரையும் அறிவேன். அவரைப்போல் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நம் பாட்டன் காலத்தில் கம்பவுண்டர் இருந்தார். புட்டியில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல்லுப்பல்லாய் வெட்டி ஒட்டிக் கொடுப்பார். பட்டம் இல்லாவிட்டாலும் பேச்சு இருந்தது. கலப்பட மருந்தும் போலி மருந்தும் நாட்டில் மலிந்தபோது, 1930இல் வெள்ளையர் அரசு கர்னல் சோப்ரா தலைமையில் குழு போட்டது. 1931இல் அறிக்கை வந்தது. 1940இல் மருந்துச் சட்டம், 1948இல் மருந்தாளுநருக்கென்றே தனிச்சட்டம். படித்துப் பதிவு செய்த மருந்தாளுநரின் நேர்ப் பார்வையில்தான் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்து கைமாற வேண்டும் என்பது விதி. பட்டயத்துக்கு இரண்டாண்டு, பட்டத்துக்கு நான்காண்டு படிக்கிறார்கள். எந்த மருந்து எந்த மருந்தோடு சண்டையிடும், எது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதெல்லாம் அந்தப் படிப்பிலே இருக்கிறது. அவ்வளவு படித்தவரைச் சுவரில் மாட்டிவிட்டு, படிக்காத பிள்ளையைக் கல்லாவில் நிறுத்துகிறோம்!

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகினால் என்ன ஆகும் என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம். கிருமிக்கொல்லி மருந்தும் சாவிதான். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ்; அதனிடம் இந்தச் சாவி செல்லாது. செல்லாத இடத்தில் திருகிக்கொண்டே இருந்தால், நாளை மெய்யாகவே வேண்டிய இடத்தில் அது தேய்ந்துபோயிருக்கும். லீவோஃபிளாக்சசின் போன்ற மாத்திரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காசநோய்க் கிருமியைக் கொஞ்ச காலம் அடக்கிவைத்து, நோயாளிக்குச் சுகம்போலக் காட்டி, நோய் பிடிபடுவதைத் தள்ளிப்போடும். அதற்குள் அந்தத் தோழரின் வீட்டில், ஒரே அறையில் படுக்கிற பிள்ளைக்கும் இருமல் தொடங்கிவிடும்.

இது அரசுக்குத் தெரியாததா? தெரியும். 2014 மார்ச்சில் 46 மருந்துகளோடு 'எச்-1' பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப்பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு மூன்றாண்டு இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன மாத்திரையும், காசநோய் மருந்துகளும் அதில் அடக்கம். 2018 மார்ச் 16இல் நடுவண் அரசு இன்னொரு ஆணை போட்டது: காசநோய் மருந்து விற்கும் கடைக்காரரும் அந்த நோயாளி பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கொரோனா வந்த 2020 ஏப்ரலில், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து வாங்குவோர் விவரத்தைக் குறித்துவையுங்கள் என்று தெலங்கானாவும் ஆந்திரமும் மருந்துக்கடைகளுக்குச் சொல்லின. நோய் முதலில் தட்டுகிற கதவு எது என்று கோட்டையில் இருப்போருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆள் இல்லாத கடையில் பதிவேட்டை எழுதுவது யார்? சுவரா?

தமிழ்நாடு இதில் உலகுக்கே வழிகாட்டிய மண். காசநோய் என்றால் மலையடிவாரத்து மாளிகை மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், பாலும் முட்டையும் உண்ண வேண்டும் என்று உலகம் நம்பிய காலம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் அமைந்தது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரை மருத்துவமனையிலும், மறு சாராரைத் தத்தம் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஒழுங்காக மருந்து உண்டால், குடிசையில் படுத்தவனும் மருத்துவமனையில் படுத்தவனுக்கு நிகராகக் குணமாகிறான்! சீமானின் கட்டிலை விட ஏழையின் பாய் குறைந்ததல்ல என்று ஆராய்ச்சி சொன்ன இடம் சென்னை. அந்த வெற்றியின் உயிர்நாடி எது? மருந்து தவறாமல் உள்ளே போகிறதா என்று பார்க்கிற ஒரு மனிதர். அந்த மனிதராகத் தெருமுனை மருந்தாளுநர் இருக்கலாம் என்பதே என் வாதம்.

மருந்தறிந்தவர் இல்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரைக் கண்டு எழுதினார்கள். மாதவிலக்கு வலி என்றால் மேற்பார்வையாளர் மாத்திரை தருவாராம். அட்டையில்லை, பெயரில்லை, என்ன மருந்தென்று விழுங்கியவளுக்குத் தெரியாது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் தறி ஓடும். நம் தங்கைகளின் வயிற்றில் இப்படி ஒரு கணக்கு நடந்திருக்கிறது! ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் தோழரையும் கேளுங்கள். முதுகுவலிக்குத் தினம் ஒரு மாத்திரை. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவன் வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் போய்விடக்கூடும் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதாதா?

"அப்படியானால் மருந்தாளுநரை மருத்துவராக்கப் பார்க்கிறாயா?" என்று டாக்டர்கள் முறைக்கலாம். இல்லை ஐயா! இரத்த அழுத்தம் அளக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். சீட்டில்லாமல் கிருமிக்கொல்லி கேட்டால் மறுக்கட்டும். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் நெறிமுறைகளே நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை அவர் கடமையாக்கியிருக்கின்றன. இங்கிலாந்து இதைவிடத் தொலைவு போய்விட்டது. 2024 சனவரி 31 முதல் அங்கே தொண்டைவலி, காதுவலி உட்பட ஏழு உபாதைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து தருகிறார். ஒவ்வோர் ஆலோசனைக்கும் அரசு கடைக்கு 15 பவுண்டு கொடுத்தது.

அங்கேதான் நம்மவர் கவனிக்க வேண்டிய சூட்சுமம். பேசுவதற்குக் காசு! நம் ஊரில் விற்றால்தான் காசு. 'இது வேண்டாம்' என்று சொல்லும் மருந்தாளுநர் முதலாளிக்கு நட்டம். பட்டயம் பெற்ற பிள்ளைக்கு முழுநாள் சம்பளம் கொடுப்பதைவிட, அவன் சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்குவது மலிவு. அவனும் வயிற்றுப்பாட்டுக்குச் சம்மதிக்கிறான். அவனைத் திட்டிப் பயனில்லை. நின்று பேசினால் அவனுக்குப் பிழைப்பு உண்டு என்று ஆக்க வேண்டும். 2025 பிப்ரவரி 24இல் தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் படித்த இளைஞர்களும் நடத்த வந்தார்கள். மலிவு விலை நல்லது, வரவேற்கிறோம். அத்தகைய கடைகளிலிருந்தே இந்தப் பேச்சுக் கூலியைத் தொடங்கலாமே! இருமலோடு வந்தவரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதற்கு இவ்வளவு, காசநோயாளியின் ஆறுமாத மருந்தை முடிக்கச் செய்தால் அதற்கு இவ்வளவு என்று வைக்கட்டும். தீராக் காசநோய்க்குச் செலவழிப்பதைவிட அது சொற்பம்.

ஆலைவாயில் கூட்டங்களில் நம் தோழர்கள் இதைப் பேச வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் விழுங்குவதற்கில்லை என்று சொல்லுங்கள். கடையில் நின்று, "மருந்தாளுநர் எங்கே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் பையன் சுவரைக் காட்டுவான். நூறுபேர் கேட்டால் முதலாளி ஆளைத் தேடுவார்.

அந்த இரவுத் தோழரை மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். "ஒரு நாள் கூலி போகுதேண்ணே" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். சளியைக் குப்பியில் கொடுத்துவிட்டு, வேடசந்தூர் பேருந்தைப் பிடிக்க ஓடினார். முடிவை வாங்க நாளைக்கு நான் போகிறேன்.