உயிலும் சட்ட ஆலோசனையும்

உயிலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "பாடம் படிக்கும் எங்களுக்கும் உயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் உயில் எழுத எண்ணினால், படித்த பிள்ளை என்று உங்களைத்தான் முதலில் அழைப்பார். அவருக்கு நீங்கள் என்ன சொல்லவேண்டும் என்பதே இன்று என் பேச்சு.

ஒருவர் தம் மறைவுக்குப்பின் தம் சொத்து யாரைச் சேரவேண்டும் என்று எழுதிவைக்கும் சாசனமே உயில். விற்பனைப் பத்திரத்தில் ஐயம் எழுந்தால், எழுதிக்கொடுத்தவரையே அழைத்து விசாரிக்கலாம். உயிலோ, எழுதியவர் வாய் மூடிய பிறகுதான் பேசத் தொடங்குகிறது. உயிலுக்குச் சட்டம் தனிக் கவனம் காட்டுவது இதனால்தான்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். அவர் கையொப்பமிட்டதைக் கண்டோ, அது தம் கையொப்பமே என்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, குறைந்தது இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமன்று. இவ்வளவு எளிதாயின் வக்கீல் எதற்கு?

விதி எளிது, அது யாருக்கு எவ்வாறு பொருந்தும் என்பதுதான் கடினம். கிறிஸ்தவர் ஒருவரின் உயிலில் அவர் மகனே சாட்சிக் கையொப்பமிட்டால், உயில் நிற்கும். ஆனால் அம்மகனுக்கு அதில் அளித்த பங்கு செல்லாது. இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. முஸ்லிம் ஒருவர், வாரிசுகளின் சம்மதமின்றி, பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க இயலாது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தை தம் பங்கை மட்டுமே எழுதிவைக்கலாம். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சொத்தில் மகளும் பிறப்பினாலேயே பங்குடையவள். அவள் பங்கையும் சேர்த்துத் தந்தை எழுதினால், அந்த அளவுக்கு எழுத்து வீண்.

மைசூரிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரின் உயில் அது. உயிலை நிலைநாட்ட வந்தவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றிருந்தார். அவர் குடும்பத்துக்கு அதில் பெரும் பயனும் இருந்தது. கையொப்பம் மட்டும் போதாது, ஐயத்துக்கிடமான சூழ்நிலைகளை உயிலைக் கொண்டுவருபவர்தாம் அகற்றவேண்டும் என்று நீதிமன்றம் கூறி, அவ்வுயிலை ஏற்க மறுத்தது.

பயன்பெறுவோர் உடனில்லாமல், பெரியவரைத் தனியே கேட்டு, அவர் விருப்பத்தை எழுதும் வழக்கறிஞர் இத்தகைய ஐயத்துக்கு இடமே வைப்பதில்லை. சொத்தின் எல்லைகளைத் தெளிவாகக் குறிப்பார். எழுதுபவர் நோயாளியானால் மருத்துவரின் சான்று கேட்பார். பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத்தக்க, வயதில் இளையோரைச் சாட்சிகளாகத் தேர்வார்.

கட்டணம் கொடுக்க இயலாதவருக்கும் வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் வருமானம் குறைந்தோருக்கும் வேறு சிலருக்கும் இலவச உதவி அளிக்கிறது.

உயில் இல்லாமல் இந்து ஆடவர் ஒருவர் இறந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சம பங்கு தருகிறது. அவர் தூக்கி வளர்த்த தங்கை மகளையோ, நாற்பதாண்டு உடனிருந்து உழைத்த வேலையாளையோ அங்கே சட்டம் அறியாது. அவர்களுக்கு உயில் ஒன்றே துணை. அது பிழைபட்டால் பிள்ளைகளுக்குச் சட்டம் ஏதேனும் தரும், இவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் அன்பு அவருக்குப் பின்னும் செல்லுபடியாக வேண்டுமானால், அதை முறையாக எழுதிவைக்க வேண்டும்.